அறுக்காமல் கிடந்த கோதுமை

பதுளை
14.01.2024

அன்புள்ள அண்ணிக்கு,

நிலுக்ஷி எழுதுகிறேன். கையெழுத்தைப் பார்த்ததுமே கிழித்துப் போட நினைத்திருப்பீர்கள். கொஞ்சம் பொறுங்கள். என்னோடு பேசவே மாட்டேன் என்றுதான் போன வருடம் சொல்லிவிட்டுப் போனீர்கள். எழுதினால் வாசிக்க மாட்டேன் என்று சொல்லவில்லை. அந்தச் சந்து வழியாகத்தான் உள்ளே வருகிறேன்.

லீவுக்கு வந்து போன அண்ணன் கட்டாரிலிருந்து போன் எடுத்து எல்லாம் சொன்னார். ஐந்து மாதம் ஆகிறது என்றும், நஞ்சுக்கொடி கீழே இறங்கி இருப்பதால் பிள்ளை பிறக்கும் வரை படுக்கையை விட்டு அதிகம் எழும்பக் கூடாது, குனியக் கூடாது, எதையும் தூக்கக் கூடாது என்று டொக்டர் சொன்னதாகவும் சொன்னார். சொல்லி முடித்துவிட்டு, "நிலு, இந்த தடவையாவது வாய வச்சிக்கிட்டு சும்மா இரு" என்றார். சொந்த அண்ணனே இப்படிச் சொன்னால் நான் என்ன செய்ய. சும்மாதான் இருக்கிறேன். அப்பாவையும் என்னையும் தவிர இந்த வீட்டுச் சுவருக்குக்கூடத் தெரியாது.

உங்கள் போன் தண்ணீரில் விழுந்து செத்துப்போனதாம். அதனால் என் பழைய போனை இந்தப் பையில் வைத்திருக்கிறேன். நமுனுகுல பஸ் கொண்டக்டரிடம் கொடுத்து, உங்கள் டவுனில் ஹிஷாம் நானாவின் பலசரக்குக் கடையில் இறக்கச் சொல்லியிருக்கிறேன். உங்கள் அம்மா செபஸ்தியம்மா அத்தை தேயிலைக் கொழுந்தை நிறுத்துக் கொடுத்துவிட்டு வரும்போது எடுத்துக்கொள்ளட்டும். ஒரு மூலையில் கண்ணாடி வெடித்திருக்கிறது. மற்றபடி வேலைக்குக் குறைவில்லை.

அதில் ஒரு பண்ணை விளையாட்டை ஏற்றி வைத்திருக்கிறேன். சிரிக்காதீர்கள். நான் நிற்கிற போன் கடையில் ஆள் வராத நேரத்தில் இதைத்தான் விளையாடுகிறேன். ஆரம்பத்தில் ஒரு பாழ் நிலம் தருவார்கள். கோதுமை போடலாம், கோழி வளர்க்கலாம், மாடு கட்டலாம், போறணை அடுப்பில் கோதுமைப் பாண் சுடலாம். சுட்டதை லொறியில் ஏற்றி விற்கலாம். படுத்துக்கொண்டே விவசாயம். உங்களுக்கென்றே அளவெடுத்துத் தைத்தது போல் இருக்கிறது.

புதிதாக வருகிறவர்கள் எல்லாரும் ஒரே குழியில்தான் விழுகிறார்கள். நானும் விழுந்து எழும்பியவள் என்பதால் சொல்கிறேன். முதல் நாளே கொஞ்சம் வைரம் தருவார்கள். கோதுமை விளைகிற வரை பொறுக்க முடியாவிட்டால் வைரத்தைக் கொடு, இப்போதே விளைய வைக்கிறேன் என்று விளையாட்டு ஆசை காட்டும். கொடுத்துவிடாதீர்கள். வைரம் பின்னால் எத்தனையோ நல்ல வேலைக்கு உதவும். கோதுமை எப்படியும் விளையும். கண் முழித்திருக்கிற நேரத்தில் சீக்கிரம் வருகிற பயிரைப் போடுங்கள். தூங்கப் போகும்போது நேரம் பிடிக்கிற பயிரைப் போட்டுவிட்டுத் தூங்குங்கள். பிறகு, ஒவ்வொரு படி ஏறும்போதும் வாத்தியம் அடித்துப் பூத்தூவுவார்கள். அதில் மயங்கி அவசரப்பட்டு ஏறக் கூடாது. ஏற ஏற லொறிக்காரன் கேட்கிற சாமானும் கூடும், உங்கள் களஞ்சியமோ காலியாக இருக்கும். கீழ்ப் படியிலேயே நின்று நிதானமாகச் சேர்த்துக்கொண்டு போகிறவர்கள்தான் கடைசி வரை தாக்குப்பிடிக்கிறார்கள்.

அயல் பண்ணைக்காரியாக என் பெயரைப் போட்டு வைத்திருக்கிறேன். பிடிக்காவிட்டால் அழித்துவிடலாம். எப்படி அழிப்பது என்று மட்டும் சொல்லித்தர மாட்டேன்.

உங்கள் நாத்தனார்,
நிலுக்ஷி


நமுனுகுல
22.01.2024

நிலுக்ஷிக்கு,

போன் கிடைத்தது. உன் அண்ணன் கெஞ்சியதால் வாங்கிக்கொண்டேன். நன்றி.

ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். போன வருடம் எனக்கு மூன்று மாதம்கூட முடியவில்லை. வீட்டோடு இருக்கட்டும் என்று உன் கையைப் பிடித்துச் சொன்னேன். அந்த ஞாயிற்றுக்கிழமையே நீ செபக் கூட்டத்தில் எழும்பி நின்று, "எங்க அண்ணிக்கு ஆண்டவர் ஒரு புள்ளய குடுத்திருக்காரு" என்று சாட்சி சொன்னாய். அடுத்த வாரம் எல்லாரும் பழமும் பலகாரமுமாக வந்தார்கள். பிள்ளை தங்கவில்லை என்றதும் அதே ஆட்கள் அதே வாசலில் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு வந்தார்கள். ஒவ்வொருத்தருக்கும் நான் நடந்ததை முதலிலிருந்து சொல்ல வேண்டியிருந்தது.

கண்ணூறு பட்டுவிட்டது என்று அம்மா சொல்கிறார். நான் அப்படிச் சொல்லவில்லை. பிள்ளை போனதற்கு நீ காரணமில்லை என்று எனக்குத் தெரியும். ஆனால் ஒருத்தருக்கும் தெரியாமல் ஒரு மூலையில் இருந்து நான் அழுதிருக்கலாம். அதைக்கூட எனக்கு இல்லாமல் செய்துவிட்டாய். அதனால்தான் அம்மா வீட்டுக்குக் கிளம்பி வந்தேன்.

இந்தத் தடவை எங்கள் தோட்டத்து லயத்து வீடுகளிலும் யாருக்கும் தெரியாது. இடுப்பு வலி, எழும்ப முடியவில்லை என்று அம்மா சொல்லி வைத்திருக்கிறார். இந்தக் குளிருக்கு எல்லாரும் போர்வைக்குள்தானே கிடக்கிறார்கள், வயிறு வெளியே தெரியவில்லை. மிட்வைஃப் மிஸ்ஸுக்கு மட்டும் தெரியும். பிள்ளையைக் கையில் வாங்குகிற நாள் வரை அப்படியே இருக்கட்டும்.

உன் விளையாட்டை அழிக்கத்தான் பார்த்தேன். வழி தெரியவில்லை. சரி என்று கோழி வாங்கினேன். களஞ்சியம் நிரம்பிவிட்டது என்று காட்டியது. இருந்த கோதுமையை எல்லாம் விற்றுவிட்டேன். இப்போது விதைக்க ஒரு மணி இல்லை. கோழிகள் தீனிக்காக என் முகத்தையே பார்த்துக்கொண்டு நிற்கின்றன. இதற்கு என்ன வழி என்று மட்டும் எழுது. வேறு கதை வேண்டாம்.

சஜீவனி


பதுளை
26.01.2024

அன்புள்ள அண்ணிக்கு,

வேறு கதை வேண்டாம் என்றபடியால் முதலில் கோழி.

அந்த ஊரில் விதை வேறு விளைச்சல் வேறு கிடையாது. அறுத்த கோதுமைதான் விதை. ஒன்றைப் போட்டால் இரண்டாக வரும். ஆகவே வயல் முழுக்க விதைத்து முடித்துவிட்டு, மிஞ்சியதைத்தான் விற்க வேண்டும். கையில் கொஞ்சமாவது மிச்சம் வைக்காமல் ஒருநாளும் விற்கக் கூடாது. இதை முதல் கடிதத்திலேயே எழுதியிருக்க வேண்டும். வாய் ஓயாமல் பேசுகிறவள் முக்கியமானதை மறப்பாள் என்று அப்பா சொல்வது சரிதான்.

உங்கள் கடிதம் வந்த உடனேயே என் பண்ணை வாசலில் இருக்கிற கடைப் பெட்டியில் கோதுமை வைத்தேன். இனாமாகக் கொடுக்க விளையாட்டு விடாது, அதனால் ஆகக் குறைந்த விலையைப் போட்டேன். முதலில் யாரோ ஊர் பேர் தெரியாத ஒருத்தி வந்து அள்ளிக்கொண்டு போனாள். மறுபடி வைத்தேன், இன்னொருத்தன் வந்தான். மூன்றாம் முறை வைத்ததை யார் வாங்கியது என்று பார்த்தால் உங்கள் பெயர். அதாவது என் பண்ணை வாசலுக்கு வந்திருக்கிறீர்கள். வந்ததைப் பற்றி நீங்கள் ஒன்றும் சொல்ல வேண்டாம். நானும் பார்க்காதது போல் இருந்துகொள்கிறேன்.

உங்கள் வேலிப் பக்கம் ஆட்கள் நடந்து வந்து, முட்டை தா, பாண் தா என்று கேட்பார்கள். பாவம் என்று கொடுத்துவிடாதீர்கள். பாதி விலைதான் தருவார்கள். வேண்டாம் என்றால் முகத்தைச் சுளித்துவிட்டுப் போவார்கள், அவ்வளவுதான். லொறிக்காரன் உங்களிடம் இல்லாததைக் கேட்டால் அந்தத் துண்டைக் கிழித்துப் போடுங்கள். கொஞ்ச நேரத்தில் வேறொன்று வரும். நான் நிற்கிற கடையில் வருகிறவர்களையும் அப்படிக் கிழித்துப் போட முடிந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும்.

நீங்கள் எழுதிய மற்றதையும் வாசித்தேன். இரண்டு தடவை பதில் எழுதிக் கிழித்துப் போட்டேன்.

ஒன்று மட்டும் சொல்கிறேன். போன ஞாயிறு கோயில் வாசலில் நாலைந்து பேர் சுற்றி நின்று, "சஜீவனி எப்ப வருது?" என்று கேட்டார்கள். "அவங்க அம்மாவுக்கு முடியலங்க, ஒத்தாசையா நிக்கிறாங்க" என்றேன். கோயில் வாசலிலேயே நின்று பொய். உள்ளே போய் முழங்காலில் நின்று ஆண்டவரிடம் கணக்கை நேர் செய்துகொண்டேன். உங்கள் பேச்சைக் காப்பாற்ற இன்னும் எத்தனை பொய் வேண்டுமானாலும் சொல்வேன்.

நிலுக்ஷி


நமுனுகுல
19.02.2024

அன்புள்ள நிலுக்ஷி,

என் பண்ணை இப்போது பார்க்கிற மாதிரி இருக்கிறது. மாடு கட்டிவிட்டேன். களஞ்சியத்தில் எல்லாவற்றிலும் கொஞ்சம் கொஞ்சம் இருக்கிறது. காலையில் அம்மா பெரட்டுக்குக் கிளம்புகிற நேரம் நான் இரவு போட்டதை அறுக்கிறேன். அவர் போய்ப் பெயர் கொடுத்து வேலைக்கு நிற்பதற்குள் எனக்குப் பாதி வேலை முடிந்துவிடும். அம்மா முதலில் திட்டினார். "படுத்துக் கெடந்து பொம்ம வெளையாட்டு" என்றார். இப்போது மலையிலிருந்து வந்து கூடையை இறக்கினதும், தேத்தண்ணி குடிக்கும் முன்னால், "ஏன்டி, அந்த மாட்டுக்குத் தீனி போட்டியா?" என்றுதான் கேட்கிறார்.

நீ சொல்லித்தராத ஒன்றை நானே கண்டுபிடித்துச் செய்திருக்கிறேன். பழச்செடிகள் வைத்தேன் இல்லையா, அவை சில தடவை காய்த்துவிட்டு இலை எல்லாம் கொட்டி வெறும் குச்சியாக நின்றன. வாள் படம் வந்து, வெட்டவா என்று கேட்டது. நான் வெட்டுவேனா? தோட்டத்தில் பிறந்தவளிடம் கேட்கிற கேள்வியா அது? தேயிலையைக் கவ்வாத்து வெட்டிவிட்டால் மலையே செத்த மாதிரித்தான் கிடக்கும். தெரியாதவன் பார்த்தால் பிடுங்கி அடுப்புக்கு வைத்துவிடுவான். பொறுத்தால் குச்சியில் தளிர் வெடிக்கும். அதனால் இதுவும் கவ்வாத்துத்தான் என்று விட்டிருக்கிறேன். இப்போது ஒரு வரிசை முழுக்கக் கவ்வாத்தில் நிற்கிறது. இன்னும் தளிர் வரவில்லை. அம்மாவிடம் காட்டினேன். உற்றுப் பார்த்துவிட்டு, "மழ பத்தல" என்றார். அந்த ஊரில் எப்போது மழை பெய்யும்?

பிள்ளை நன்றாக அசைகிறது. நான் இடப்பக்கம் சாய்ந்து படுத்துக்கொண்டு போனைப் பிடித்தால் சரியாக அந்த இடத்தில் வந்து உதைக்கிறது. இதை உன் அண்ணனுக்குச் சொன்னேன். இப்போது உனக்குச் சொல்கிறேன். வேறு யாருக்கும் சொல்லவில்லை.

சும்மா படுத்திருப்பது எவ்வளவு பெரிய வேலை என்று படுத்துப் பார்த்தால்தான் தெரியும். முன்பு காலையில் முகட்டைப் பார்க்க ஆரம்பித்தால் பொழுது நகராது. இப்போது சோளம் எப்போது விளையும், பாண் எப்போது வேகும் என்று பார்த்துக்கொண்டே மத்தியானம் ஆகிவிடுகிறது. நீ அந்தப் போனை அனுப்பியது எனக்கு எவ்வளவு உதவி என்று உனக்குத் தெரிய வேண்டும் என்பதற்காக எழுதுகிறேன்.

சஜீவனி


பதுளை
23.02.2024

அன்புள்ள அண்ணிக்கு,

கடையில் நின்றுதான் உங்கள் கடிதத்தைப் பிரித்தேன். "மழ பத்தல" என்ற இடம் வந்ததும் நான் சிரித்த சிரிப்பில், ரீலோட் போட வந்த மனிதர் தன் முகத்தில்தான் ஏதோ ஒட்டியிருக்கிறது என்று துடைத்துக்கொண்டார்.

அண்ணி, அது கவ்வாத்து இல்லை. செடி பட்டுவிட்டது. மழையும் வராது, தளிரும் வராது. நீங்கள் வருடக் கணக்காகக் காவல் இருந்தாலும் அப்படியே குச்சியாகத்தான் நிற்கும். ஆனால் ஒரு வழி இருக்கிறது. பட்ட செடியைத் தொட்டால் ஒரு சின்னப் பலகை வரும். உதவி வேண்டும் என்று அதை நட்டுவைத்தால், அயல் பண்ணைக்காரர்கள் யாராவது வந்து தண்ணீர் ஊற்றுவார்கள். செடி பச்சை பிடித்து இன்னொரு தடவை காய்க்கும். சொந்தக் கையால் முடியாது. நம் செடிக்கு வேறு ஆள்தான் ஊற்ற வேண்டும். அந்த விளையாட்டை உண்டாக்கினவன் இதில் மட்டும் பிடிவாதமாக இருக்கிறான்.

பலகையை நடுங்கள். நான் தினமும் கடை திறந்ததும் உங்கள் பக்கம் ஒரு சுற்று வருகிறேன். எல்லாச் செடிக்கும் நானே ஊற்றிவிடுகிறேன்.

பிள்ளை உதைத்ததை எனக்குச் சொன்னதற்கு நன்றி அண்ணி. கடிதத்தை மடித்துக் கைப்பைக்குள் வைத்திருக்கிறேன். அன்று முழுக்க வாய் நமநமத்தது. யாரிடமாவது சொல்ல வேண்டும் போல் இருந்தது. கடைசியில் அப்பாவிடம் போய்ச் சொன்னேன். அவர், "நீதான் வாசிச்சுக் காட்டினியே" என்றார். பரவாயில்லை என்று இன்னொரு முறை சொன்னேன்.

நிலுக்ஷி


நமுனுகுல
12.03.2024

அன்புள்ள நிலுக்ஷி,

பலகை நடவில்லை. எல்லாவற்றையும் வெட்டிவிட்டேன். கோபித்துக்கொள்ளாதே. ஊர் பார்க்க, எனக்கு உதவி வேண்டும் என்று எழுதி நடுவது என்னால் ஆகாத காரியம். விளையாட்டில்கூட ஆகவில்லை. நீ சிரிப்பாய், சிரித்துக்கொள்.

ஏழாம் மாதம் நடக்கிறது. மிட்வைஃப் மிஸ் வந்து பார்த்தார். இரத்தம் காட்டினால் ஒரு நிமிடமும் தாமதிக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும், அதுவரை கால்களைச் சற்று உயரத்தில் வைத்துக்கொண்டு அசையாமல் படுத்திருக்க வேண்டும் என்று இரண்டு தடவை சொன்னார். தனியாக இருக்காதே என்றும் சொன்னார். அம்மா வேலைக்குப் போகாவிட்டால் எப்படி? யாரையாவது துணைக்குக் கூப்பிட்டால் காரணம் சொல்ல வேண்டும். அதனால் தனியாகத்தான் இருக்கிறேன்.

எல்லாரும் மலைக்குப் போன பிறகு லயத்தில் ஒரு சத்தம் இருக்காது. நாய்கள்கூடப் பின்னாலேயே மலைக்குப் போய்விடும். அந்த நேரம் எனக்குப் பயமாக இருக்கிறது, நிலுக்ஷி. இதை உன் அண்ணனிடம் சொல்லவில்லை, அவர் அங்கே இருந்து என்ன செய்வார். பயம் வரும்போது கோதுமை போடுகிறேன். அது விளையும் வரைக்கும் ஒன்றும் ஆகாது என்று எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன். விளைந்ததும் அறுத்துவிட்டு மறுபடியும் போடுகிறேன். இப்படியே அம்மா வருகிற நேரம் வந்துவிடுகிறது.

நீ காலையில் வந்து போவது தெரிகிறது. யார் வந்தார்கள் என்று பெயர் காட்டுகிறது. அதைப் பார்த்தால், அடுத்த வீட்டுக் காம்பராவில் ஆள் இருக்கிற மாதிரி ஒரு தைரியம். நன்றி. இதை எழுதக் கஷ்டமாகத்தான் இருந்தது.

சஜீவனி


பதுளை
27.03.2024

அண்ணி,

வார்டு வாசல் வரை வந்துவிட்டு, செபஸ்தியம்மா அத்தையிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன். ஒருத்தரைத்தான் உள்ளே விடுகிறார்கள், அத்தை இருக்கட்டும். என்னை விட்டாலும் வந்திருப்பேனா தெரியாது. ஏன் என்று வாசித்தால் தெரியும்.

குருத்து ஞாயிறு முடிந்த திங்கட்கிழமை கடை திறந்ததும் வழக்கம் போல் உங்கள் பண்ணைக்கு வந்தேன். கோதுமை விளைந்து அறுக்காமல் கிடந்தது. ஏதோ பிந்திவிட்டது என்று நினைத்தேன். கொஞ்சம் கழித்து வந்தேன், அப்படியே கிடந்தது. கோழிகள் முட்டை போட்டுவிட்டு நிற்கின்றன. பாண் வெந்து எடுக்க ஆளில்லாமல் இருக்கிறது. லொறி ஏற்றின சாமானோடு போகாமல் நிற்கிறது. பெரட்டுக்கு முன்னால் வேலை தொடங்குகிற ஆள் நீங்கள்.

போன் அடித்தேன். என் நம்பரை நீங்கள் எடுக்க மாட்டீர்கள் என்று தெரியும். ஆனால் அடித்ததும் கட் பண்ணுவீர்கள். அன்று கட் பண்ணவும் இல்லை. அது அடித்து அடித்துத் தானாக நின்றது. திரும்பத் திரும்ப அடித்தேன். அத்தையின் போன் மலையில் எடுக்கவில்லை.

அதற்குப் பிறகு நான் யோசிக்கவில்லை அண்ணி. ஹிஷாம் நானாவுக்கு அடித்து, "நானா, எங்க அண்ணி லயத்துல தனியா கெடக்கு, வயித்துல ஏழு மாசப் புள்ள, யாராச்சும் ஓடிப் பாருங்க" என்றேன். அவர் கடையைப் போட்டுவிட்டு ஆட்டோ பிடித்தார், அவர் மனைவி ஸுபைரா குறுக்குப் படியில் ஏறி ஓடினார். வண்டி வேண்டுமே என்று செபக் கூட்டத்து வாட்ஸ்அப் குழுவில் என் குரலைப் பதிந்து போட்டேன். அழுதுகொண்டே போட்டிருக்கிறேன், பிறகு கேட்டபோதுதான் தெரிந்தது. நம் கூட்டத்து ஜொனி அண்ணன் வேன் ஓட்டி நமுனுகுலவுக்கு வந்திருந்தாராம். இருந்த சவாரியை இறக்கிவிட்டு உங்கள் லயத்துக்குத் திருப்பினார். நீங்கள் பதுளை வந்து சேருவதற்குள் கூட்டத்துப் பெண்கள் பாதிப்பேர் ஆஸ்பத்திரி வாசலில் நின்றார்கள். இரத்தம் கொடுக்கவும் வரிசையில் நின்றார்கள். ஒருத்தரும் ஒரு கேள்வி கேட்கவில்லை.

ஆகவே இப்போது நமுனுகுலவிலும் தெரியும், நடுவில் பசறையிலும் தெரியும், பதுளையில் தெரியாதவர்கள் இல்லை. பங்குச் சுவாமி நேற்றுப் பூசையில் உங்கள் பெயரைச் சொல்லி மன்றாடினார். யாருக்கும் சொல்லாதே என்றீர்கள், நான் எல்லாருக்கும் சொல்லிவிட்டேன். இரண்டாவது தடவை. கோபப்படுவதாக இருந்தால் பிள்ளை பிறந்த பிறகு கோபப்படுங்கள். இப்போது அது உடம்புக்கு ஆகாது.

பிளாஸ்கில் கோழி சூப் இருக்கிறது. நான் வைத்தது இல்லை, பயப்படாமல் குடியுங்கள்.

நிலுக்ஷி


ஆஸ்பத்திரி, பதுளை
30.03.2024

அன்புள்ள நிலுக்ஷிக்கு,

இரத்தம் நின்றுவிட்டது. பிள்ளையின் இதயம் நன்றாக அடிக்கிறது. எனக்கும் கேட்க வைத்தார்கள். பிறக்கும் வரை வார்டிலேயே இருக்க வேண்டும் என்கிறார்கள். இருப்பேன்.

அன்று நடந்ததை உனக்குச் சொல்ல வேண்டும். அம்மா போய்க் கொஞ்ச நேரத்தில் பாய் நனைவது போல் இருந்தது. பார்த்தால் இரத்தம். மிஸ் சொன்னபடி தலையணையைக் காலுக்கு வைத்துக்கொண்டு அசையாமல் படுத்தேன். போன் எதிர்ச் சுவரில் சார்ஜில் கிடந்தது. எழும்பினால் இன்னும் போகும் என்று பயம். கூப்பிட்டுப் பார்த்தேன். லயத்தில் யாரும் இல்லை. இருந்திருந்தாலும், இடுப்பு வலிக்காரி முனகுகிறாள் என்றுதான் நினைத்திருப்பார்கள். யாருக்கும் தெரியாமல் பொத்தி வைத்த என் கெட்டித்தனம் அப்படி வந்து முடிந்தது.

அப்போதுதான் போன் அடித்தது. நின்றது. மறுபடியும் அடித்தது. நீதான் என்று பார்க்காமலே தெரியும். எடுக்காத போனுக்கு இத்தனை தரம் அடிக்கிற ஆள் இந்த உலகத்தில் வேறு யார் இருக்கிறார்கள்? ஒரு வருடமாக உன் அழைப்பை நான் எடுக்கவில்லை. அன்று அதை எடுக்க எனக்கு வந்த ஆசையை எழுத முடியாது. பிறகு அது அடங்கிவிட்டது. நீயும் விட்டுவிட்டாய் என்று நினைத்தேன். அந்தக் கொஞ்ச நேரம்தான் என் வாழ்க்கையிலேயே கெட்ட நேரம்.

கீழே படியில் ஒரு பெண் குரல் கேட்டது. "தங்கச்சி, பயப்படாதீங்க, வந்துட்டேன்" என்று கத்திக்கொண்டே ஏறி வந்தது. ஸுபைரா. என்னை முன்னே பின்னே பார்த்ததில்லை. தன் முந்தானையை இழுத்து என் மேல் போர்த்தினார்.

நீ விட்டுவிடவில்லை. ஊரைக் கூட்டப் போயிருக்கிறாய். நன்றி, நிலுக்ஷி. என் பிள்ளைக்காகச் சொல்கிறேன், எனக்காகவும் சொல்கிறேன். போன வருடம் வந்த அதே ஆட்கள்தான் இப்போதும் வருகிறார்கள். அதே முகங்கள்தான். ஆனால் இந்தத் தடவை அவர்களைப் பார்க்க எனக்கு ஆறுதலாக இருக்கிறது. உன் மேல் எனக்குக் கோபம் இல்லை. கோபப்பட்டுப் பார்த்தேன், வரவில்லை.

ஆனால் உள்ளே வராதே. உன்னைக் கண்டால் அழுவேன். அழுதால் வயிறு குலுங்கும். அசையாதே என்று டொக்டர் தினமும் சொல்கிறார். பிள்ளை வரும் வரை இப்படி எழுதிக்கொண்டே இருப்போம்.

உன் அண்ணி,
சஜீவனி


பதுளை
16.04.2024

அன்புள்ள அண்ணிக்கு,

வருடப் பிறப்புப் பலகாரம் அத்தையிடம் கொடுத்திருக்கிறேன். மூன்று வீட்டுப் பலகாரம், எது யாருடையது என்று கேட்காதீர்கள்.

ஒரு செய்தி. கோதுமையைப் பார்த்துத்தான் நான் கண்டுபிடித்தேன் என்று கேள்விப்பட்டதும், செபக் கூட்டத்தில் பாதிப்பேர் போனில் அந்தப் பண்ணையை ஏற்றிக்கொண்டார்கள். நான்தான் எல்லாருக்கும் வாத்தியார். வைரத்தை வீணாக்காதீங்க, விதைக்கு வச்சிட்டு வில்லுங்க என்று தொண்டை வற்றக் கத்தினேன். முதல் நாளே அத்தனை பேரும் கோதுமையை முழுக்க விற்றுவிட்டு என் வாசலில் வந்து நிற்கிறார்கள். ஜொனி அண்ணன் வைரத்தை எல்லாம் கொடுத்து ஒரு நாய் வாங்கியிருக்கிறார். அதனால் ஒரு பிரயோசனமும் இல்லை என்றேன். "பாத்தா சந்தோசமா இருக்குல்ல" என்கிறார்.

உங்கள் பண்ணைக்கு நாங்கள் எல்லாரும் முறை வைத்து வருகிறோம். யாராவது ஒருத்தர் எந்த நேரமும் வேலிப் பக்கம் நிற்போம். நீங்கள் படுத்துக்கொண்டு எங்களைப் பாருங்கள், போதும்.

நீங்கள் கோபம் வரவில்லை என்று எழுதியதை அப்பாவிடம் வாசித்துக் காட்டினேன். வாசித்து முடிக்கவில்லை, மிச்சத்தை அப்பாதான் வாங்கி வாசித்தார். கூப்பிடும் வரை உள்ளே வர மாட்டேன். தினமும் வாசல் வரை வருவேன். அதற்கு நீங்கள் ஒன்றும் சொல்லவில்லை.

நிலுக்ஷி


ஆஸ்பத்திரி, பதுளை
07.05.2024

என் அன்பு நிலுக்ஷிக்கு,

பெண் பிள்ளை. அம்மா ஓடிவந்து உனக்குச் சொல்லியிருப்பார். ஒப்பரேஷன் நல்லபடியாக முடிந்தது. சின்ன உருவம்தான், ஆனால் சுகமாக இருக்கிறாள். முகம் உன் அண்ணனுடையது. உன் அண்ணன் போனில் பார்த்துவிட்டு அழுதுகொண்டே இருந்தார். கடைசியில் நான்தான், இங்கே எல்லாரும் பார்க்கிறார்கள் என்று அவரை அடக்கினேன்.

உனக்குத் தெரியுமோ என்னமோ, எங்கள் தோட்டத்துப் பக்கம் ஒரு வழக்கம் இருக்கிறது. பிள்ளை பிறந்ததும் சீனித் தண்ணீரில் விரலைத் தொட்டு அதன் நாக்கில் முதன் முதலாக ஒருவர் வைக்க வேண்டும். சேனை வைப்பது என்பார்கள். வைக்கிறவருடைய குணம்தான் பிள்ளைக்கு வரும். அதனால் கண்ட ஆளையும் கூப்பிட மாட்டார்கள். லயத்தில் ஆக நல்லவர் யார், நிதானமானவர் யார் என்று பார்த்துத்தான் கூப்பிடுவார்கள்.

அம்மா நேற்று முந்தானைக்குள் சீனி முடிந்துகொண்டு வந்துவிட்டார். நர்ஸ் மிஸ் கையும் களவுமாகப் பிடித்துக்கொண்டார். "தாய்ப்பால விட்டு ஒரு சொட்டு கூடாது" என்று அம்மாவுக்கு ஒரு பாட்டம் திட்டு. மிஸ் சொல்வதுதான் சரி, நானும் வேண்டாம் என்றேன். சீனியைத் திரும்பவும் முடிந்துகொண்டு அம்மா வருத்தமாக உட்கார்ந்திருந்தார்.

"வச்சிருந்தா யார வைக்கச் சொல்லியிருப்ப?" என்று கேட்டார்.

"நிலுக்ஷிய" என்றேன்.

அம்மா என்னை நம்ப முடியாமல் பார்த்தார். "அந்த வாயாடியவா? பொம்பளப் புள்ளடி."

இன்று நாலு மணிக்கு உள்ளே வா. கதவில் கேட்டால், பிள்ளையின் அத்தை என்று சொல். கையைச் சவர்க்காரம் போட்டுக் கழுவிக்கொண்டு வா. சீனி வேண்டாம், ஒன்றும் வேண்டாம், வெறும் விரலால் அவள் கன்னத்தை ஒருமுறை தொடு, எனக்கு அது போதும். அழாமல் உன்னோடு பேச என்னால் முடியாது. நீயே பேசு. வார்டு முழுக்கக் கேட்கும்படி பேசு. என் மகளுக்கு உன் வாய் வரட்டும்.

சஜீவனி